ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு வசனங்கள்

எங்கள் தெருவில் கோல் இரண்டு தரம் விழும். பலெர்மோ நகரத்தில் நான் குடியிருக்கும் ஒடுங்கிய தெருவைச் சொல்கிறேன். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிப்போய்க் கிடக்கும். நகர அணி பந்தை வலைக்குள் போட்டதும் மூலைப் பழக்கடையில் வானொலி கேட்டுக்கொண்டிருப்பவர்களிடமிருந்து முதலாவது சத்தம் எழும்பும். அரை நிமிடம் கழித்து, இணையத்தில் ஆட்டம் பார்க்கிற மாடி வீடுகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். இணையத்தில் படம் வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்குமாம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு திங்கட்கிழமை வேலையிடத்தில், நேற்று நாலு கோல் அடித்துவிட்டார்களே என்று அரைகுறை இத்தாலியனில் சொல்லி மூக்குடைபட்டேன். அடித்தது இரண்டுதான்.

எனக்கு மேல் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சிஞ்ஞோர் பீனோவுக்கு இந்த முன்சத்தம் காதில் விழக்கூடாது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது தாண்டியவர், மனைவி இறந்து தனியாக இருப்பவர். மருமகன் ஒருவன் வந்து அவருடைய ரி.வி.யில் இணையத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து, நடக்கப்போவதைப் பழக்கடைக்காரன் தனக்கு முன்னமே சொல்லிவிடுகிறான் என்று அவருக்குக் கோபம். ஆகவே ஆட்டம் தொடங்கினால் யன்னல்கள் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிடுவார். வெயில் காலமானாலும் அப்படித்தான். அந்தப் புழுக்கத்துக்குள் ஒரு பருவம் முழுவதும் நான் இருந்து எழும்பினேன். ஏன் இருந்தேன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு உதைபந்தாட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. கோப்பாயில் நான் பார்த்தது கரப்பந்தாட்டம். அதைப் பார்ப்பதற்கும் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பின்னேரம் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, ஒரு கையைச் சீற்றில் வைத்துக்கொண்டு நின்றால் போதும். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சொல்லுவார். யார் அடித்தது, யார் தடுத்தது, யாருடைய மோட்டார் சைக்கிள் பாதைக்குக் குறுக்கே நிற்கிறது, எல்லாம் அவர் பொறுப்பு. எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறந்த ஊர்தான் பக்கம். எனக்கு மட்டும் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நான் இணுவிலில் கலியாணம் செய்தவன். மனைவி வதனியின் தம்பிமார் இரண்டு பேரும் இணுவில் அணியில் விளையாடினார்கள். கோப்பாயும் இணுவிலும் மோதுகிற நாளில் நான் எங்கே நிற்கிறேன் என்று இரண்டு ஊரும் பார்க்கும். நான் போய்ப் புள்ளி எழுதுகிறவரின் மேசைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். முதுகெலும்பில்லாத வேலைதான். ஆனால் இரண்டு வீட்டிலும் சோறு கிடைத்தது.

இந்தக் கதை தொடங்கியபோது நான் இத்தாலிக்கு வந்து ஏழு வருடம். வரும்போது மகள் ஆரணிக்குப் பத்து வயது. ஒரு இனிப்புக் கடையின் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன். அண்மைக் காலமாக மாவும் பிசைகிறேன். எங்கள் குசினிக்கு அவர்கள் குச்சீனா என்று சொன்னதால், முதல் நாள் இந்த மொழி லேசு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் லேசாக இருக்கவில்லை. குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு இங்கே வேண்டிய கடதாசிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வேலைக் கடிதம், வரிக் கடிதம், வீட்டின் அளவு காட்டும் கடிதம். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் வந்து வசிக்க எனக்குச் சம்மதம் என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். மனைவியை எப்போதும் கூப்பிடலாம். பிள்ளையை அப்படிக் கூப்பிட முடியாது. பதினெட்டு வயது முடிவதற்கு முன்னர் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். ஆரணிக்கு அடுத்த யூலைக் கடைசியில் பதினெட்டு முடிகிறது. இதை ஒருநாள் தொலைபேசியில் விளங்கப்படுத்தியபோது, அவள் கேட்டாள்.

"அப்ப பதினெட்டு முடிஞ்சால் நான் உங்கடை பிள்ளை இல்லையோ அப்பா?"

நான் கையெழுத்துக் கேட்டு முதன்முதலில் மாடி ஏறியது ஐப்பசி மாதத்தில். சிஞ்ஞோர் பீனோ கடதாசியை வாங்கிப் பார்க்கவுமில்லை. கதவில் நின்றபடி "வெதியாமோ" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒருவர் "பாப்பம்" என்றால் அதில் பார்க்கிற எண்ணம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு நான் அகராதி பார்க்கத் தேவை இருக்கவில்லை. இரண்டு கிழமை விட்டுத் திரும்பவும் போனேன். திரும்பவும் வெதியாமோ. முகத்தில் பகை இல்லை. அந்தப் பெரிய மூக்குக்குப் பின்னால் ஒரு கதவு சாத்திக் கிடந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வழி சொன்னவள் ஜூசி. என்னோடு அதே குச்சீனாவில் வேலை செய்கிறவள், என் வயதுக்காரி, வாயாடி. உன்னுடைய வீட்டுக்காரனுக்கு நீ யார் என்று கேட்டாள். கீழ்வீட்டில் இருக்கிறவன் என்றேன். அதுதான் பிழை, கீழ்வீட்டில் இருக்கிறவனுக்கு எவன் கையெழுத்து வைப்பான் என்றாள். அவரோடு இருந்து ஆட்டம் பார் என்றாள். எனக்கு ஆட்டம் தெரியாதே என்றேன். ஆட்டம் தெரிய வேண்டியதில்லை, தன்னுடைய புருஷன் முப்பது வருடமாக ஆறே ஆறு வசனத்தோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி, பலகாரப் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் ஆறையும் எழுதித் தந்தாள். நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதலாவது, குவாந்தோ ஸ்தான்னோ. எத்தனைக்கு எத்தனை நிற்கிறது என்று கேட்பது. உள்ளே நுழைகிறபோது சொல்ல வேண்டியது. இரண்டாவது, எரா ரிகோரே. அது பெனால்டி என்பது. எங்களுடைய ஆள் எங்கே விழுந்தாலும் சொல்லலாம். மூன்றாவது, மா லார்பித்ரோ கே குவார்தா. நடுவர் எதைத்தான் பார்க்கிறார் என்று ரி.வி.யைக் கேட்பது. நாலாவது, குவாந்தோ மாங்கா. இன்னும் எவ்வளவு நேரம். ஐந்தாவது, கே பெக்காத்தோ. அருமந்த சந்தர்ப்பம் போச்சே என்று தலையில் கை வைப்பது. ஆறாவது, மெரித்தாவாமோ தி பியூ. எங்களுக்கு இதைவிடக் கூடக் கிடைத்திருக்க வேண்டும் என்பது. தோற்றாலும் சொல்லலாம், சமநிலையிலும் சொல்லலாம். வென்றால்கூடச் சொல்லலாம் என்றாள் ஜூசி. அணியின் ரசிகனுக்கு அவர்கள் சொல்லுகிற திஃபோசோ என்ற சொல்லை நானாக அகராதியில் தேடினேன். அதன் வேர் நெருப்புக்காய்ச்சலின் பெயர் என்று போட்டிருந்தது. காய்ச்சல்காரர் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, மேலே இருந்து என்னுடைய உடுப்புக்கொடியில் தண்ணீர் சொட்டுகிறது என்ற சாட்டோடு கதவைத் தட்டினேன். சொட்டியது உண்மைதான், ஆனால் அது ஆறு வருடமாகச் சொட்டுகிறது. சிஞ்ஞோர் பீனோ கதவைத் திறந்ததும் தண்ணீர்க் கதையை விட்டுவிட்டு முதலாவது வசனத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்றார். உள்ளே வா, கதவைச் சாத்து என்றார். உள்ளே அவருடைய மைத்துனர் எஞ்சோ சோபாவில் இருந்தார். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த மரக் கதிரையின் நுனியில் இருந்தேன். இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, கோல். சிஞ்ஞோர் பீனோ எழும்பிக் கத்திவிட்டு, திரும்பி என்னை நோக்கி விரலை நீட்டினார். அங்கேயே இரு, அசையாதே என்றார். அன்றைக்கு ஆட்டம் முடியும்வரை நான் அசையவில்லை. கால் விறைத்துப்போனது. அணி வென்றது. மறு ஞாயிறு மூன்று மணிக்கு அவரே படியில் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். அலுமாரிப் பக்கத்துக் கதிரை எனக்குரியதாகிவிட்டது. பிறகு ஒருநாள் எஞ்சோ தவறுதலாக அதில் இருந்தபோது அணி ஒரு கோல் வாங்கியதால், வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது என்றும் ஆனது.

கண்ணூறுக்குப் பயந்து வெண்டிக்காய்ப் பாத்திக்கு நடுவில் பழைய பானையைக் கவிழ்த்து வைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நான் ஒரு பிழை விட்டேன். வசனங்கள் பழகிய துணிச்சலில், ஒருநாள் ஆட்டம் தொடங்க முன்னர், இன்றைக்கு நிச்சயம் வெல்லுவோம் என்று சொந்தமாக ஒன்றைச் சொன்னேன். எங்களுக்கு நல்ல காரியத்துக்கு முன்னர் நல்ல வாக்குச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு அப்படிச் சொன்னால் வெற்றி பறந்துவிடும். எஞ்சோ பாய்ந்துபோய்த் தோஷம் கழியக் கதவின் இரும்புத் திறப்பைத் தொட்டார். சிஞ்ஞோர் பீனோ கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சமநிலையில் முடிந்தபடியால் தப்பினேன். ஜூசி அதைக் கேட்டுவிட்டு, ஆறு என்றால் ஆறோடு நிற்க வேண்டும் என்று ஏசினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து எழும்பும்போது "ஆ தொமெனிக்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை சந்திப்போம் என்பது. எனக்கு அது ஊரில் விடைபெறும்போது "போட்டு வாறன்" என்று சொல்லுகிற மாதிரியே வாயில் வந்தது. மாசியில் ஒருநாள், வென்ற சந்தோஷத்தில் அவர் இருந்தபோது கடதாசிக் கதையை எடுத்தேன். வெதியாமோ என்று தொடங்கியவர் நிறுத்தி, என்னைப் பார்த்து, கடைசி ஆட்டம் முடியட்டும், அதற்குப் பிறகு என்றார். இடையில் எழுதுகிற வேலை செய்தால் அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்று பயந்தார் போலும். நான் வீட்டுக்கு வந்து வதனிக்கு எடுத்துச் சொன்னேன். ஏழு வருடமாகத் தனியே பிள்ளையையும் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கிறவளுக்கு, மனிசன் ஞாயிறு தவறாமல் பந்து பார்க்கிறான் என்பதே விளங்காத கதை.

"இஞ்சாருங்கோ, உவருக்கு ஒரு கையெழுத்து வைக்க எத்தினை ஆட்டம் வேணுமாம்?" என்றாள்.

கடைசி ஆட்டம் ஆனி மாதத் தொடக்கத்தில் வந்தது. வென்றால் மேல் பிரிவுக்கு ஏறலாம். தோற்றால் இன்னொரு வருடம் கீழேதான். அன்றைக்குக் கடதாசியை மடியாமல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, பேனையும் கொண்டு போனேன். யன்னல்கள் சாத்தியிருந்தன; மின்விசிறியையும் போட விடவில்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் பக்கம் கோல் விழுந்தது. அதோடு எல்லாம் முடிந்தது. சிஞ்ஞோர் பீனோ ரி.வி.யை நிறுத்தினார். எழும்பிப் போய் யன்னல்களைத் திறந்தார். தெருவில் ஒரு சத்தமில்லை. திரும்பி வந்து சோபாவில் இருந்து இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டார். எஞ்சோ கண்ணைத் துடைத்தார். யாரும் பேசவில்லை.

அந்த அறையில் அப்போது இருந்த அமைதி எனக்கு நன்றாகப் பழக்கமான அமைதி. அது செத்தவீட்டு அமைதி. செத்தவீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போய் இருக்க வேண்டும். தேவையில்லாமல் கதைக்கக்கூடாது. இருக்க வேண்டிய நேரம் இருந்துவிட்டு, சொல்லாமல் எழும்பிப் போக வேண்டும். "போட்டு வாறன்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் இப்படி வரப்போகிறேன் என்று சொன்னதாகிவிடும். நான் கதிரையைச் சத்தமில்லாமல் அலுமாரியோடு தள்ளி வைத்தேன். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கடதாசியை உறையோடு சட்டைக்குள் செருகிக்கொண்டேன். துக்க வீட்டில் அதை நீட்ட நான் என்ன காட்டுமிராண்டியா. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். வந்து தோய்ந்து தலை முழுகாததுதான் குறை. பெரிய மனிதத்தனமாக நடந்துகொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

மறுநாள் படியில் சிஞ்ஞோர் பீனோவைக் கண்டு காலை வணக்கம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறிப் போனார். துக்கம் ஆறவில்லை என்று விட்டேன். செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். எஞ்சோவைத் தெருவில் கண்டபோது அவரும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார். பத்து நாள் போனது. ஒருநாள் துணிந்து கடதாசியோடு ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே ரி.வி. சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அன்றைக்குக் கீழே வந்து கட்டிலில் இருந்தபோது எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. யூலை முடிய நாற்பது நாள்கூட இல்லை. வேறு வீடு தேடி, வேறு அளவுக் கடிதம் எடுத்து, வேறு கையெழுத்து வாங்க முடியாது. என்னுடைய பிள்ளையை நான் ஒரு பந்தாட்டத்தில் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வதனிக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதுதானே, இன்னும் என்ன என்று அவள் கேட்டதற்கு, "பாப்பம்" என்று நானே சொன்னேன்.

ஜூசிதான் கிண்டிக் கேட்டாள். தோற்றதும் என்ன சொன்னாய் என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஆறாவது வசனத்தைக்கூடவா என்றாள். அதையும் சொல்லவில்லை. சரி, போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்றாள். ஒன்றும் சொல்லாமல் போனேன் என்றேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். விடைபெறும்போது சொல்லுகிற சாவோகூடச் சொல்லவில்லையா என்று இரண்டு தரம் கேட்டாள். தோற்ற நாளில்தான் கூட நேரம் இருக்க வேண்டும், அரை மணித்தியாலமாவது நடுவரைத் திட்ட வேண்டும், அப்போதுதான் அது செமிக்கும் என்றாள். வெல்லும்வரை இருந்துவிட்டுத் தோற்றதும் சொல்லாமல் எழும்பிப் போகிறவனைப் பற்றி இங்கே என்ன நினைப்பார்கள் தெரியுமா என்றாள். நான் செத்தவீட்டு வழக்கத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, இதை எனக்கு ஏன் சொல்கிறாய், அவரிடம் போய்ச் சொல் என்றாள்.

அதற்கு வசனம் எந்த மட்டையிலும் இருக்கவில்லை. நானாக எழுதினேன். ஜூசி இரண்டு இடத்தில் திருத்தினாள். அன்று பின்னேரமே ஏறிப் போய்த் தட்டினேன், திறக்கும்வரை தட்டினேன். சிஞ்ஞோர் பீனோ கதவை ஒரு முழம் திறந்தார். எங்களிடத்தில், இறந்தவரின் வீட்டிலிருந்து போகிறவர் விடை சொல்வதில்லை, திரும்பி வருகிறேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்குக் கூடாது, அதனால் பேசாமல் போவோம், அது மரியாதை என்று பாடமாக்கியதை ஒப்பித்தேன். அவருக்கு விளங்கவில்லை. "கி எ மோர்த்தோ?" என்றார். யார் செத்தது என்று கேட்டார்.

"லா ஸ்குவாத்ரா" என்றேன். அணி.

நான் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வரச் சொல்லிச் சோபாவைக் காட்டினார். தன்னுடைய மனைவி லீனா ஐந்து வருடத்துக்கு முன்னர் இந்த வீட்டில் இறந்தாள் என்று சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வந்ததற்கு முந்திய வருடம் போலிருக்கிறது என்று தொடங்கிப் பிறகு தானே திருத்தி, இல்லை, நீ அப்போது இங்கே இருந்தாய், மருத்துவமனையில் கிடந்தாய் என்றார். உண்மைதான், குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டுக் கிடந்தேன். அப்போது கீழ்வீட்டில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் இருவரும் வந்து இதே சோபாவில் இருந்தார்களாம். ஒரு மணித்தியாலம் இருந்தார்களாம். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல். பிறகு எழும்பி, தன்னை ஒரு பார்வை பார்க்காமல், கை கொடுக்காமல் போனார்கள் என்றார்.

"நாய்கள் மாதிரி எழும்பிப் போனார்கள் என்று எஞ்சோவிடம் சொன்னேன்" என்றார். "ஐந்து வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

அந்த இருவரையும் எனக்குத் தெரியும். ஒருவர் சண்டிலிப்பாய்க்காரர், புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், இப்போது இலண்டனில் இருக்கிறார். மற்றவர் ஊரோடு போய்விட்டார். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல சேட்டைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று எனக்கு மருத்துவமனையில் வந்து சொன்னவர்கள் அவர்கள்தான். செய்ய வேண்டிய முறையெல்லாம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகச் சொன்னார்கள். என் மகளுக்கு வேண்டிய கையெழுத்து அவர்களுடைய மரியாதைக்குள் ஐந்து வருடம் பூட்டிக் கிடந்திருக்கிறது. இதைச் சொல்ல என்னிடம் இத்தாலியன் போதவில்லை. அவர்கள் லீனா அம்மாவுக்காகத்தான் பேசாமல் போனார்கள் என்று மட்டும் சொன்னேன்.  சிஞ்ஞோர் பீனோ போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, கடதாசியைத் தா என்றார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். கையெழுத்து வைத்தார். திகதியைப் பெரிதாகப் போட்டார்.

விண்ணப்பம் ஆரணியின் பிறந்தநாளுக்குப் பதினேழு நாள் முன்னர் உள்ளே போனது. அதற்குப் பிறகு எல்லாம் காத்திருப்புத்தான். இங்கே இருப்பவர்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. ஆவணியில் அடுத்த பருவம் தொடங்கிய அன்று மாடி ஏறிப் போனால், என்னுடைய கதிரைக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கதிரைகள். லீனா அம்மாவின் படுக்கையறையில் கிடந்தவை, மெத்தை வைத்தவை. வதனிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்றார். அவர்கள் வரும்வரை யாரும் அதில் இருக்கக்கூடாது என்று எஞ்சோவுக்குக் கட்டளை. அன்றைக்கு அணி வென்றது. அடுத்த ஞாயிறும் வென்றது. கார்த்திகை வரைக்கும் தோல்வியே இல்லை. வதனியையும் ஆரணியையும் தொலைபேசியில் அழைத்து அந்தக் கதிரைகளைக் காட்டினேன். வெறுங் கதிரையைக் காட்டுறதுக்கோ கூப்பிட்டனீங்கள் என்றாள் வதனி.

மார்கழியில் சிஞ்ஞோர் பீனோவுக்கு ஒரு யோசனை பிடித்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எஞ்சோதான் சொன்னார். இரண்டு கதிரையும் வெறுமையாக இருக்கிறபோது அணி வெல்கிறது, ஆட்கள் வந்து இருந்தால் என்ன ஆகும் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. என்னுடைய வீடு இரண்டாகக் கிடப்பதில் இவர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறதென்றால் அந்த அதிர்ஷ்டம் எரிந்து போகட்டும் என்று வந்தது. அதையும் இத்தாலியனில் சொல்லத் தெரியாததால் நடுவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன்.

மாசியில் விசா கிடைத்தது. ரிக்கற் ஒரு சனிக்கிழமைக்கு அமைந்தது. மறுநாள் ஞாயிறு, பட்டியலில் மேலே நிற்கும் அணியோடு ஆட்டம். நான் மாடி ஏறிச் செய்தியைச் சொல்லிவிட்டு, பயணக் களைப்பு, அவர்கள் கீழே இருக்கட்டும், நான் மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சிஞ்ஞோர் பீனோ கொஞ்ச நேரம் இரண்டு கதிரைகளையும் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. பிறகு கையை உதறினார்.

"பாத்சியென்சா" என்றார். "பெர்தியாமோ." பரவாயில்லை, தோற்போம்.

தோற்றோம். மூன்றுக்குப் பூச்சியம். கோப்பாயிலிருந்து முந்திய நாள் வந்திறங்கிய வதனி, ஊரில் கோயிலுக்குப் போகிற சீலையோடு, மடியில் பிஸ்கட் தட்டை வைத்துக்கொண்டு, சாத்திய யன்னல்களுக்குள் ஒன்றரை மணித்தியாலம் நிமிர்ந்து இருந்தாள். ஆரணி முதல் பத்து நிமிடம் ரி.வி.யைப் பார்த்தாள், பிறகு முழுநேரமும் என்னையே பார்த்தாள். நான் கத்துவதை அவள் முன்னர் கண்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் யாரும் அந்தக் கதிரைகளின் பக்கம் திரும்பவில்லை. சிஞ்ஞோர் பீனோ நடுவரைத் திட்டினார், எஞ்சோ திட்டினார், நானும் என்னிடமிருந்த ஆறையும் ஒழுங்கு மாற்றி மாற்றிச் சொல்லி அரை மணித்தியாலம் திட்டினேன். பிறகு எல்லோருக்கும் கோப்பி வந்தது. வதனிக்குச் சிஞ்ஞோர் பீனோ இரண்டு தரம் சீனி போட்டுக் கொடுத்தார். நான் ஆ தொமெனிக்கா என்று சொல்ல, அவளும் பிள்ளையும் கை கூப்பினார்கள்.

படியில் இறங்கும்போது ஆரணி முன்னால் போய்விட்டாள். வதனி சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். பாதிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"நான் அங்கை கேக்கேல்லை, மரியாதை இல்லையெண்டு. உதிலை எங்கடை ஆக்கள் எது?"

"தோத்தது" என்றேன்.

"நினைச்சனான்" என்றாள்.